கடுகண்ணாவையில் இறங்கிவிடுங்கள்

கலையும் விடுமுறையும் சேர்ந்த ஊர் என்றால் கடற்கரைதான் நினைவுக்கு வருகிறது. கண்டிக்குச் சுமார் 16 கிலோமீற்றர் முன்னால், எல்லோரும் கடந்து போகிற ஒரு மலையூரில் மூன்று நாள் தங்கிப் பார்த்தால் என்ன?

ஆகஸ்டும் டிசம்பரும் நெருங்கினால் கொழும்பு வீடுகளில் ஒரே பட்டிமன்றம்: கடலா, மலையா? கடல் வென்றால் பெந்தோட்டை, காலி, உனவட்டுன. மலை வென்றால் நுவரெலியா. "பிள்ளைகள் கொஞ்சம் கலை, சரித்திரமும் பார்க்கட்டுமே" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் வண்டி காலிப் பக்கம் திரும்பிவிடும்.

அதில் தவறில்லை. ஒல்லாந்தர் கட்டியெழுப்பிய காலிக் கோட்டை 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. பழைய வீடுகள் ஓவியக்கூடங்களாகவும் நகைக்கடைகளாகவும் தங்குமிடங்களாகவும் மாறின. 2007 முதல் இலக்கிய விழாவும் வந்து சேர்ந்தது. மதில்மேல் நடந்தால் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் கலை.

பெந்தோட்டையின் கதை இன்னும் சுவையானது. அது உல்லாசப் பயணிகளுக்காகவே 1960களின் பிற்பகுதியில் அரசாங்கம் திட்டமிட்டு உருவாக்கிய கடற்கரை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அங்கே பெந்தோட்ட பீச் ஹோட்டலைக் கட்டியபோது தம் நண்பர்களான கலைஞர்களையும் கூடவே அழைத்துக்கொண்டார். வரவேற்பு மண்டபத்தின் கூரையை ஈனா டி சில்வாவின் பத்திக் துணிகள் நிறைத்தன. லக்கி சேனநாயக்க மயிற்சிற்பம் செய்து கொடுத்தார். கடலைப் பார்க்க வந்தவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

ஆனால் பாவாவின் கட்டடங்களில் நாம் வியக்கிற சரிந்த ஓட்டுக்கூரை, மரத்தூண், சுவரில்லாத மண்டபம் ஆகியவை கடற்கரையில் பிறந்தவை அல்ல. கண்டி இராச்சியத்தின் வளவுகளிலும், வழிப்போக்கர் அம்பலங்களிலும், தேவாலயத்து மேளமண்டபங்களிலும் நூற்றாண்டுக் கணக்காக இருந்தவை. கொழும்பில் புகழ்பெற்ற ஈனா டி சில்வாவும் பின்னாளில் மாத்தளைக்கு அருகே தம் மூதாதையர் ஊரான அளுவிகாரைக்குத் திரும்பி, கிராமத்துப் பெண்களோடு பத்திக்கும் தையலும் செய்தார். கடற்கரை ஹோட்டலில் காசு கொடுத்து நாம் பார்க்கும் அழகின் ஊற்று மலையில் இருக்கிறது. அந்த ஊற்றுக்கு மிக அருகில் உள்ள ரயில் நிலையங்களில் ஒன்று கடுகண்ணாவை.

கடப்பதற்கென்றே அமைந்த ஊர்

கடுகண்ணாவையைப் பார்க்காத இலங்கையர் குறைவு. அங்கே தங்கியவர்கள் அதைவிடக் குறைவு. கொழும்பு-கண்டி வீதியில் மாவனல்லை தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கும். வளைவுக்கு வளைவு அவித்த சோளம் ஆவி பறக்கும். வலப்பக்கம் பத்தலேகல என்னும் சதுரப் பாறை மேசைபோல எழுந்து நிற்கும். ஆங்கிலேயர் அதற்கு 'வேதாகமப் பாறை' என்று பெயர் வைத்தார்கள். பிறகு குடைந்த பாறை வரும், உச்சியில் வெள்ளைக் கோபுரம் வரும், அதற்குள் பிலிமத்தலாவை வந்துவிடும். ஊர் முடிந்துபோகும்.

இந்தக் கணவாய்தான் கண்டி இராச்சியத்தின் வாசற்கதவு. பக்கத்து மலையிலுள்ள பலன கோட்டைக்காகப் போர்த்துக்கேயரும் கண்டியரும் மாறிமாறி மோதினார்கள். 1594இல் அருகிலுள்ள தந்துறையில் போர்த்துக்கேயப் படையொன்று ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தது. பாறையைக் குடைந்து வருபவனே கண்டியை ஆள்வான் என்று ஒரு பழைய வாக்கு இருந்ததாகவும், அதற்காகவே ஆங்கிலேயர் சுற்றிப் போகாமல் பாறையைத் துளைத்து வீதி போட்டார்கள் என்றும் ஊரில் சொல்வார்கள். கண்டி 1815இலேயே வீழ்ந்துவிட்டது. பாறை குடையப்பட்டது அதற்குப் பிறகு. கதைக்கு வருடக் கணக்கு பொருந்தவில்லை. ஆனால் தோற்ற நாட்டு மக்களின் மனதில் அந்தத் துளை என்னவாகத் தெரிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இன்றைய அகல வீதி பாறையின் ஓரமாகப் போகிறது. பழைய துளைக்குள் நீங்கள் நடந்தே போகலாம்.

வீதியை அமைக்க முனைந்தவர் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ். வேலையை நடத்தியவர் பொறியாளர் கப்டன் டோசன். 1829இல் அவர் இறந்தார். நண்பர்கள் பணம் திரட்டி 1832இல் எழுப்பிய நினைவுக் கோபுரம்தான் உச்சியில் தெரிவது. உள்ளே மரத்தாலான சுழற்படி உண்டு. அதே 1832இல்தான் ஆங்கிலேயர் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழிய முறையை ஒழித்தார்கள். கடுகண்ணாவை வீதியில் கல் உடைத்தவர்கள் அந்த ஊழியத்தில் பிடித்துவரப்பட்ட கிராமத்தவர்கள். கோபுரம் கப்டனுக்கு மட்டும்.

ரயிலும் அப்படித்தான். 1867இல் கண்டிவரை பாதை திறந்தபோது அதன் நோக்கம் கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை சுமார் 12 மைலில் ஏறக்குறைய 1,400 அடி ஏற்றம். 44 அடி ஓடினால் ஓர் அடி ஏற வேண்டும். முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னோர் எஞ்சின் தள்ளித்தான் அந்தக் காலத்து வண்டிகள் மேலே வந்தன. ரயில் வந்த இரண்டு வருடத்தில் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. பிறகு தேயிலை வந்தது. பாதை போட்டவர்களிலும், அது சுமந்த கோப்பியையும் தேயிலையையும் பறித்தவர்களிலும் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர்கள் ஆயிரமாயிரம் பேர். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்களுக்கு இந்த மலையில் எங்கும் கோபுரம் கிடையாது.

2014 டிசம்பரில், இலங்கை ரயில்வேயின் 150 ஆண்டு நிறைவையொட்டி, கடுகண்ணாவை நிலையத்தருகே தேசிய ரயில்வே அருங்காட்சியகம் திறந்தார்கள். நீராவி எஞ்சின்கள், குறும்பாதை வண்டிகள், சமிக்ஞைக் கருவிகள், பழைய பயணச்சீட்டுகள் எல்லாம் உண்டு. பிள்ளைகள் எஞ்சினில் ஏறி இறங்கினால் ஒரு காலைப்பொழுது போய்விடும். பார்த்துவிட்டு, அடுத்த மெதுவண்டி வரும்போது நடைமேடையில் நின்று கவனியுங்கள்; ஏற்றத்தில் வரும் எஞ்சினின் உறுமல் வண்டி கண்ணில் படுவதற்கு வெகு முன்பே காதுக்கு வந்துவிடும்.

வீதி, பாதை, கணவாய் எல்லாமே இன்னோர் இடத்துக்குப் போவதற்கானவை. தங்குவதற்கான காரணம் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், தெற்கே உடுநுவரக் கிராமங்களில் இருக்கிறது.

1344ஆம் ஆண்டு இரண்டு தலைமைச் சிற்பிகள்

அப்போது தலைநகரம் கம்பளை; அரசன் நான்காம் புவனேகபாகு. யாழ்ப்பாணத்தில் ஆரியச் சக்கரவர்த்திகள் வலுவாக இருந்தார்கள். கடலைத் தாண்டினால் விஜயநகரம் தோன்றி எட்டே வருடம். உலகம் சுற்றிய இபுன் பதூதா அதே 1344இல்தான் இலங்கையில் கரையிறங்கிச் சிவனொளிபாத மலை ஏறினார். அந்த ஒரே ஆண்டில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போகும் தூரத்தில், இரண்டு பெரும் விகாரைகள் எழுந்தன.

முதலாவது கடலாதெனிய. கட்டுவித்தவர் தர்மகீர்த்தி என்ற பௌத்தத் துறவி. ஆந்திரத்து அமராவதியில் பழைய தானியகடகத்தின் புத்தர் ஆலயத்தைத் திருத்திக் கட்டியவர் என்று அவருடைய கல்வெட்டே சொல்கிறது. தென்னாட்டைத் தெரிந்தவர் தென்னாட்டுச் சிற்பியையே அழைத்தார்: கணேஸ்வராச்சாரி. ஆகவே பாறைமேட்டில் ஏறிய தமிழருக்கு முதலில் தோன்றுவது "இது நம் ஊர்க் கோயில் அல்லவா?" என்ற திகைப்புத்தான். கருங்கல் அதிட்டானம், தூண் நிறுத்திய முன்மண்டபம், மேலே எண்கோணச் சிகரம். ஆடுவோரும் மேளம் கொட்டுவோரும் கல்லில் வரிசை கட்டி நிற்கிறார்கள். உள்ளே போனால் மகரதோரணத்தின் கீழ் புத்தர் அமர்ந்திருக்கிறார். பக்கத்திலேயே விஷ்ணுவுக்குத் தனிச் சந்நிதி. வெளியே ஒரு பெரிய தூபியும், அதைச் சுற்றி நாலு திசையிலும் சிறிய தூபி தாங்கிய நாலு சந்நிதிகளும் ஒரே ஓட்டுக்கூரைக்குள் அடங்கியிருக்கின்றன. தமிழ்நாட்டுச் சிகரமும் சிங்களக் கூரையும் ஒரே முற்றத்தில்.

இரண்டாவது லங்காதிலக. அமைச்சர் சேனாலங்காதிகார கட்டுவித்தது. தலைமைச் சிற்பி ஸ்தபதி ராயர். இது செங்கல். பன்ஹல்கல என்ற மொட்டைப் பாறையின் முதுகில் வெள்ளையாக எழுந்து நிற்கிறது. ஆதியில் இன்னும் உயரமாக இருந்ததாம். மேல்மாடி சிதைந்த பிறகு கண்டிய முறையில் ஓட்டுக்கூரை போட்டார்கள். அடிச்சுவரில் யானைகளின் முன்பாதி மட்டும் புடைத்து நிற்பதால் முழுக் கட்டடத்தையும் அவையே சுமப்பதாகத் தோன்றும். கிழக்கு வாசலால் நுழைந்தால் புத்தர். வெளியே வந்து சுற்றிக்கொண்டு மேற்கு வாசலால் போனால், அதே கட்டடத்தின் சுவருக்குள் விஷ்ணு, சமன், விபீடணன், கணபதி, கந்தன் ஆகியோரின் தேவாலயம். புத்தருக்கும் தேவர்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

பாறையின் மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகத் தேட வேண்டியது ஒன்று உண்டு. விகாரைக்கு வழங்கிய காணிகளையும் கொடைகளையும் பதிந்த கல்வெட்டு அங்கே சிங்களத்தில் மட்டும் இல்லை, தமிழிலும் வெட்டப்பட்டிருக்கிறது. தொல்லியலாளர் செனரத் பரணவிதான அந்தத் தமிழ்ச் சாசனத்தை வாசித்துப் பதிப்பித்தார். கண்டி மலையின் நடுவே, பௌத்த விகாரையின் பாறையில், அரச ஆவணம் இரண்டு மொழியில். மொழிப் பிரச்சினையைப் பற்றி ஆயிரம் கூட்டங்களில் பேசிய நாட்டில், பள்ளிப் பிள்ளைகளை வண்டி கட்டி அழைத்துவந்து காட்ட வேண்டிய இடம் இது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். இந்த விகாரைகளின் சாசனங்கள் அரசனை மட்டும் பேசவில்லை, சிற்பிகளின் பெயரையும் வைத்திருக்கின்றன. ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு வந்த வீதியும் ரயிலும் அதிகாரியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டன. கலை எங்கே செழிக்கும் என்ற கேள்விக்கு இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள சில கிலோமீற்றர் தூரமே பதில்.

எம்பக்கை: தூண் தூணாகப் பாருங்கள்

மூன்றாவது எம்பக்கை. கதிர்காமத் தெய்வத்தின், அதாவது நம் முருகனின், தேவாலயம். மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் எழுந்தது என்பது மரபு. கதையும் மேளக்காரன் ஒருவனைப் பற்றியது: தோல்நோய் வந்த ஒருவன் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு குணமானான், ஆண்டுதோறும் போய் மேளம் கொட்டி வணங்கினான், முதுமையில் நடக்க முடியாமல் போனபோது தெய்வமே எம்பக்கையில் வெளிப்பட்டது. அந்தக் கதைக்கு ஏற்றாற்போல் இங்கே கருவறையைவிடப் புகழ்பெற்றது மேளம் கொட்டும் மண்டபம்; சிங்களத்தில் திக்கே.

பக்கச் சுவர் இல்லாத நீள மண்டபம். கம்பளை அரசவை மண்டபத்தின் தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தியதாகச் சொல்வார்கள். ஒவ்வொரு தூணும் அடியில் சதுரம், பிறகு எண்கோணம், மறுபடி சதுரம், உச்சியில் விரிந்த தாமரைப் போதிகை. சதுரம் வரும் இடத்தில் நாலு முகத்திலும் நாலு சிற்பம். இரட்டைத் தலைக் கழுகு, கழுத்துப் பின்னிய அன்னங்கள், கட்டிப்பிடித்து மல்லுக்கட்டும் வீரர்கள், குதிரை மேல் சிப்பாய், ஆடும் பெண், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், தாமரை, கொடிக்கருக்கு. மொத்தம் 514 செதுக்கல்கள் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். தெல்மட தேவேந்திர மூலாச்சாரி என்பவரின் கைவேலை என்பது ஊர்வழக்கு.

தூணைப் பார்த்த கழுத்தை அப்படியே பின்னுக்குச் சாயுங்கள். மண்டபத்தின் தலைப்பில் 26 கைமரங்கள் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அத்தனையையும் ஒரே ஒரு மர ஆணி பிடித்துக்கொண்டு நிற்கிறது. மதொல் குருபாவ என்று பெயர். சிற்பத்தைச் செதுக்கியவனுக்குக் கிடைத்த புகழ் அந்த ஆணியை யோசித்த தச்சனுக்குக் கிடைக்கவில்லை என்றாலும், கட்டடக் கலை மாணவர்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

கண்டியிலிருந்து வரும் முச்சக்கர வண்டிகள் இந்த மூன்றையும் அரைநாளில் சுற்றிக் காட்டிவிடுகின்றன. கோயிலுக்கு இருபது நிமிடம். அதில் ஐந்து நிமிடம் செருப்பைக் கழற்றவும் தேடவும் போய்விடும். 514 செதுக்கலை மீதி நேரத்தில் யார் பார்க்க முடியும்?

பூமியைப் படிக்க வந்து கலையைப் படித்தவர்

ஒரு தமிழர் ஆண்டுக்கணக்கில் நின்று பார்த்தார். சேர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தவர். பாறைகளை ஆராய மலைநாட்டுக் கிராமங்களில் சுற்றியவருக்கு, பாறையைவிடத் தச்சனும் கொல்லனும் பாய் பின்னுபவளும் சுவாரசியமாகத் தெரிந்தார்கள். எந்தக் கருவி, என்ன சாயம், எவ்வளவு கூலி, எந்த நில உரிமைக்காக எந்தக் குடும்பம் கோயிலுக்கு வேலை செய்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். மனைவி எதெல் படம் பிடித்தார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் வெளியானது. அதற்கு முன்னரே, 1882இல், கண்டியில் கைவினைகளைக் காப்பதற்கென்று ஒரு கலைச் சங்கம் தொடங்கியிருந்தது.

குமாரசுவாமி கண்டது ஓர் எளிய உண்மை. தேவாலயம் கைவினைஞனுக்கு நிலம் கொடுத்தது. அவன் வேலை கொடுத்தான். ஆங்கில ஆட்சியில் அந்த ஏற்பாடு தளர்ந்தது; மலிவான இறக்குமதிப் பொருள் வந்தது; கைகள் ஓய்ந்தன. கலை அழிந்தது ரசனை கெட்டதால் மட்டும் இல்லை, வாங்கும் கை இல்லாமல் போனதால்தான்.

இன்று வாங்கும் கை விடுமுறைக்காரனுடையது. கொழும்பிலிருந்து வரும் வீதியே ஒரு கைவினைச் சந்தை: ரதாவடுன்னையில் பிரம்புக் கதிரைகள், பஸ்யாலைப் பக்கம் கஜு விற்கும் பெண்கள், கேகாலை தாண்டி மொலகொடையில் மண்பாண்டம், மாவனல்லையில் வாசனைத் திரவியத் தோட்டம், கடைசியில் பிலிமத்தலாவையின் பித்தளைக் கடைகள். குத்துவிளக்கு, தொங்குவிளக்கு, வெற்றிலைத் தட்டு என வீதியோரம் மஞ்சளாக மின்னும். எம்பக்கைக்குப் போகும் வழியில் மரச் செதுக்கலர்களின் வீட்டுத் திண்ணையே கடை. இங்கே நிதானமாக இருப்பவருக்கு ஒரு நன்மை உண்டு. ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கி வாங்குபவர் பளபளப்பைப் பார்த்து வாங்குகிறார். ஒரு பிற்பகல் பட்டறையில் உட்கார்ந்தவர் எடையையும் விளிம்பையும் தட்டினால் வரும் ஓசையையும் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். அச்சில் வார்த்துக் குவித்ததற்கும் கையால் தீட்டியதற்கும் விலை ஏன் வேறு என்று கேட்கத் தேவையிருக்காது.

கடற்கரைக்குக் கிடைத்தது, மலைக்குக் கிடைக்காதது

காலியிலும் பெந்தோட்டையிலும் வந்தவர்கள் தங்கினார்கள். தங்கியவர்களை நம்பிக் கடை வந்தது, கடையை நம்பிக் கலைஞன் வந்தான். கடுகண்ணாவையில் கலைஞன் ஏழு நூற்றாண்டாக இருக்கிறான், தங்குபவர்தான் இல்லை. பழைய தோட்டப் பங்களாக்கள் சிலவும் வீட்டோடு சேர்ந்த விடுதிகளும் இப்போது அறை கொடுக்கின்றன என்றாலும், பலர் கண்டி வாவியைப் பார்த்த ஹோட்டலில் பெட்டியை வைத்துவிட்டு இங்கே மதியத்துக்குள் வந்து திரும்பிவிடுகிறார்கள். செலவில் பெரும்பகுதி கண்டியில் நிற்கிறது.

தங்கும் ஊராக வளர்ந்தால் வரும் சங்கடத்தையும் மறைக்க வேண்டாம். காலிக் கோட்டைக்குள் வீட்டு விலை ஏறி, பழைய குடும்பங்கள் பல விற்றுவிட்டு வெளியேறின. மலைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மலை சரிந்து வீதியோரத்தில் உயிர்கள் பலியாயின. சில நாட்களில் வந்த டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் ரயில் பாதையையும் சிதைத்தது. சரிவை வெட்டி அடுக்குமாடி ஹோட்டல் எழுப்பும் வளர்ச்சி இந்த ஊருக்கு ஆகாது. இருக்கிற வீடுகளில் இரண்டு அறை, பட்டறையில் ஒரு பெஞ்சு, மூன்று கோயில்களுக்கும் இடையே வழிகாட்டிப் பலகையோடு ஒரு நடைபாதை, லங்காதிலகத் தமிழ்ச் சாசனத்தை எல்லோரும் படிக்கும்படி ஒரு விளக்கப் பலகை. இவ்வளவு போதும். பெரிய முதலீடு எதுவும் வேண்டாம்.

போகிறவர்களுக்கு

ரயில்: கொழும்பு கோட்டையிலிருந்து கண்டிப் பாதையில் கடுகண்ணாவை. எல்லா வண்டியும் இங்கே நிற்காது; சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். ரம்புக்கனை தாண்டிய பிறகு கண்டி நோக்கிப் போகையில் வலப்பக்க யன்னலைப் பிடித்தால் பள்ளத்தாக்கு முழுவதும் உங்களுடையது. மழைக்காலத்தில் பாதையும் வீதியும் திறந்திருக்கின்றனவா என்று புறப்படும் முன் உறுதிசெய்வது அவசியம்.

முதல் நாள்: குடைந்த பாறை, டோசன் கோபுரம், ரயில்வே அருங்காட்சியகம், கீழே இறங்கினால் பழைய அம்பலம். வீதியோர அவித்த சோளத்தைத் தவறவிட வேண்டாம்.

இரண்டாம் நாள்: எம்பக்கையில் தொடங்கி லங்காதிலக, கடலாதெனிய என்று வயல் வழியாக நடக்கலாம். மொத்தம் ஆறேழு கிலோமீற்றர்தான். காலையிலேயே புறப்படுங்கள், வெறுங்காலோடு ஏற வேண்டிய பாறை மதியத்தில் கால் வைக்க முடியாதபடி சுடும். தோளும் முழங்காலும் மூடிய உடை தேவை.

மூன்றாம் நாள்: பிலிமத்தலாவைப் பித்தளை, எம்பக்கை வழி மரவேலை. நேரம் மிஞ்சினால் 1821இல் உருவான பேராதனைத் தாவரவியல் பூங்கா பக்கத்தில்தான்.

வாங்கும்போது: விலை பேசுங்கள், ஆனால் செய்தவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1344இல் அந்த மரியாதை இங்கே வழக்கத்தில் இருந்தது.